கடைசிப் புள்ளி

"ஏனம்மணி, புள்ளியெல்லாம் ஒரே நெறத்துல இருக்குது? பேரெல்லாம் எங்க போச்சு?"

கேட்டவர் மோகன்குமார். சூலூர்ப் பக்கம் ஒரு கோழிக் கம்பெனியில் மேனேஜர். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். சுத்துப்பட்டுப் பண்ணைக்காரர்கள் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். பண்ணைக்கு ஒரு புள்ளி வைத்து, யார் கோழி நல்ல எடை, யாருடையது நோஞ்சான் என்று படம் போட்டு, மாதக் கூட்டத்தில் பெரிய திரையில் காட்டுவது அங்கே வழக்கம்.

"டிஃபால்ட்டே இப்ப அப்படித்தானுங்க சார்," என்றாள் லோகப்பிரியா. கணக்கும் படமும் அவள் பொறுப்பு.

ஆர் என்று ஒரு ப்ரோகிராம். புள்ளிக்கு என்ன நிறம், எழுத்து எத்தனை பெரிசு, பேர் வேணுமா வேண்டாமா என்று அதில் ஒருதரம் எழுதி வைத்துவிட்டால், அப்புறம் எந்தப் படம் போட்டாலும் அப்படியேதான் வரும்; அதுதான் டிஃபால்ட். டீக்கடையில் 'நமக்குச் சக்கரை கம்மி' என்று சொல்லி வைத்த மாதிரி.

"முன்னெல்லாம் கடைசிப் புள்ளி செவப்பா, பேரோட வருமே. அத யாரு மாத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் மாத்துனனுங்க."

"எந்தப் பண்ணைக்காரர் ஊட்டுல நாட்டுக்கோழிக் கொழம்பு சாப்பிட்டீங்க?"

பக்கத்து மேசை உதய் சிரிப்பை அடக்கிக்கொண்டான். லோகப்பிரியாவுக்குக் காது சூடாகிவிட்டது. வேலைக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. பெர்மனென்ட் ஆவது இவர் கையெழுத்தில்தான் இருக்கிறது.

"யார் ஊட்டுலயும் சாப்பிடலீங்க. அவங்கவங்க எடை அவங்கவங்க ஃபோனுக்கே போயிருதுங்க. அப்புறம் ஊருக்கு முன்னால வேற பேரப் போடோணுங்களா?"

"தலை குனிஞ்சு நின்னாத்தான் அடுத்த பேட்ச்ச ஒழுங்கா வளப்பாங்க. நீங்க மாத்திப்போடுங்க. இல்லீன்னா உங்க சீட்டுக்கு வேற ஆள் பாக்கட்டுங்களா?"

இத்தனை மரியாதையாக வேலையை விட்டு அனுப்பக் கொங்கு நாட்டில்தான் முடியும்.

அவள் கை கீபோர்டுக்குப் போகவில்லை.

"எங்கையால வேண்டாமுங்க சார்."

"தள்ளுங்க."

எழுந்து நின்றாள். அவரே உட்கார்ந்தார். டிஃபால்ட் எழுதியிருந்த ஃபைலைத் திறந்து, கடைசிப் புள்ளிக்குச் சிவப்பு, பேருக்குப் பெரிய எழுத்து என்று அடித்து, ப்ரோகிராமை மூடித் திறந்து, நாளைக் கூட்டத்துக்கான படத்தைப் போட்டார்.

வந்தது. அடியில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்திலேயே, மண்டபத்தின் கடைசி நாற்காலிக்கும் தெரிகிற அளவில்: திருமூர்த்தி, கலங்கல்.

மோகன்குமாரின் மாமனார்; கலங்கல் ஊரில் பண்ணை. ஃபோனில் கேட்டால் "கோழிக்கென்னுங்க மாப்ள, கும்முனு இருக்குது" என்பவர். நாளைக்குப் பங்காளிகளோடு முன்வரிசையில் வந்து உட்காரப் போகிறவர்.

உதய் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான்.

மோகன்குமார் அடித்ததை எல்லாம் அழித்தார். மறுபடி படம் போட்டார். புள்ளிகள் எல்லாம் சாம்பல் நிறத்துக்குத் திரும்பின. அவர் குரலும் இறங்கிவிட்டது.

"எம்பட மாமனாருன்னு தெரிஞ்சுதான் மறச்சு வெச்சிருந்தீங்களா, அம்மணி? மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல. இந்த உதவிய நான் மறக்க மாட்டேன்."

"இல்லீங்க சார். பேரில்லாமப் போடறதால யாரு கடைசின்னு எனக்கே இப்பத்தானுங்க தெரியும். போன கூட்டத்துல பழனியாத்தாக்கா பேரச் செவப்புல காட்டி நீங்க சிரிச்சீங்க; அவங்க சாப்பாட்டுக்கு எலை போட்டும் உக்காராம பஸ்ஸேறிப் போயிட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலமே மாத்திப்போட்டனுங்க."