மஞ்சள் கோட்டுக்கு அப்பால்

"மூணு வருஷத்துல எத்தனை நாள் வெளிநாட்டுல இருந்தீங்க?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி.

"அறுநூற்றித் தொண்ணூறு நாள்," என்றார் இரத்தினசிங்கம்.

படிவத்தில் ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஆக்லாந்துத் தமிழர்களுக்கு விசா, குடியுரிமை என்றால் மவுண்ட் ஆல்பர்ட் ஏஜென்ட் சுந்தரமூர்த்திதான். அவரே இப்படி ஒரு கணக்கைக் கேட்டதில்லை.

"அப்படின்னா சிட்டிசன்ஷிப் கிடைக்காதே சார். பாஸ்போர்ட்ல ஒரு முத்திரைகூட இல்லையே, எந்த நாட்டுக்குப் போனீங்க?"

"விரிக்கு."

விரி, அதே ஆக்லாந்தில் இரத்தினசிங்கத்தின் ஹில்ஸ்பரோ வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம். நாட்டின் கதவைத் திறந்துவிடுகிறோம் என்று அரசாங்கம் இறக்குமதி வரிகளை வெட்டிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், அங்கே ஒரு சுதந்திர வர்த்தக வலயச் சரக்குக் களஞ்சியத்தில் அவருக்கு வேலை. "இந்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால் சட்டப்படி நியூசிலாந்து இல்லை, அதனால் வரியும் இல்லை" என்று முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் சாவடிக்குச் சாவடி பாஸ் காட்டி உயிர் தப்பி வந்த மனுஷன். கோடு என்றால் அவருக்கு விளையாட்டு இல்லை. அன்றிலிருந்து புட்டுப் பெட்டியோடு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோனார்; வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் வெளிநாட்டில் கழிந்த நாளாக எண்ணிவந்தார்.

"பொய் எழுதிப் பிடிபட்டா பிள்ளையளோட திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், சேர். திரும்பவும் அந்தச் சண்டைக்குள்ள போகேலாது. உள்ளதை எழுதுங்கோ." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சுந்தரமூர்த்தி சிரிக்கவில்லை. வெளியே ஏதோ கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தார்.

"அங்க பாஸ்போர்ட்டை யாராவது வாங்கிப் பார்த்தாங்களா?"

"இல்லை. நான்தான் நாளும் நீட்டுறனான். காவல்காரன் சிரிச்சுப்போட்டு உள்ள விட்டிடுவான்."

"உள்ள வர்ற சரக்கு எத்தனை நாள் இருக்கலாம்?"

"வருசக்கணக்கா கிடக்குது, சேர். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

ஏஜென்ட் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு படிவத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார்.

"அந்தச் சட்டம் சரக்குக்குத்தான் சார், ஆளுக்கு இல்ல. நீங்க ஒரு நாள்கூட வெளிய போகல. உங்களுக்கு நிச்சயம் கிடைச்சுடும்."

இரத்தினசிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கும்பிட எடுத்த கைகளைச் சுந்தரமூர்த்தி எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"என் விசா முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு சார், அந்தச் சரக்கோட சரக்கா என்னையும் உள்ள வச்சிட முடியுமா?"