அரிசி இல்லாத அசனம்

"ஏட்டி, வல்லக்கோட்டை ரோட்டுல போற பஸ்ஸத் தவிர எல்லாத்தையும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்க. இப்ப வந்து அரிசி இல்லேங்கிற!"

அருள்நாதன் போட்ட சத்தத்தில் ஒரகடத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் போய்த்தான் நின்றிருக்கும்.

மனைவி அன்னபுஷ்பம் அசையவில்லை. "செங்கச்சூளையில மழைத்தண்ணி ஏறிட்டுங்க. வேலை இல்ல, கூலி இல்ல. சூளைக்காரங்க பிள்ளைங்க பசியில அழுவுது. அரிசியத் தூக்கிக் குடுத்துட்டேன்."

"எல்லா மூட்டையையுமா?"

"ஒண்ண ஒளிச்சு வச்சா, 'என் மேல நம்பிக்கை இல்லையா'ன்னு கர்த்தர் கேக்க மாட்டாரா?"

திருநெல்வேலிக்காரர்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அருள்நாதனுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்து, 1991-இல் இங்கே குடிவந்தவர்கள். புதிதாகக் கட்டிய சின்ன சர்ச்சில் மறுநாள் முதல் அசனம். ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துச் சோறு போடும் விருந்து. அந்தச் சோற்றுக்குப் பொறுப்பு அருள்நாதன்தான். மதம் பார்க்காமல் கிராமத்தையே அழைத்திருந்தாள் அன்னபுஷ்பம்.

"சாப்பிடக் கூப்பிட்டு வெறும் இலையக் காட்டினவன்னு பேரு வரும். அப்புறம் இந்த ஊர்ல நாம குடியிருக்க முடியுமா?"

"கர்த்தர் பாத்துக்கிடுவார்."

"அரிசி கொண்டு வர அவர் என்ன லாரியா வச்சிருக்கார்?"

"உலகத்தையே வச்சிருக்கார். லாரி என்ன பெரிசு!"

சட்டையை மாட்டிக்கொண்டு அருள்நாதன் ஊருக்குள் கிளம்பினார், யாரும் வர வேண்டாம் என்று சொல்ல. திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"வாயத் திறக்குமுன்னே, 'கண்டிப்பா வர்றோம் அண்ணாத்தே'ங்கிறாங்க. வராதீங்கன்னு சொல்ல நாக்கு எழும்பல. கூட்டமாவது கொறையட்டும்னு அசனத்தக் கொஞ்சம் மட்டமாச் சொல்லிட்டு வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்தது. சர்ச்சுக்குப் பின்னால், யானை இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாவில் வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டுக்கொண்டிருந்தாள் அன்னபுஷ்பம்.

"அரிசி எங்கட்டி?"

"வரும். வந்த பெறகு உலை வச்சா நேரமாயிராதா?"

அருள்நாதன் உள்ளே ஓடி முழங்காலில் விழுந்து ஜெபித்தார். அந்த வேகத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒரு சாண் மேலே எழும்பி இறங்கியது.

அப்போது வெளியே பேச்சுச் சத்தம். ஊர் வந்துவிட்டது! ஜன்னல் வழியாக ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார்.

முன்னால் பக்கத்து வீட்டுச் செங்கமலம், தலையில் குடம். பின்னால் சைக்கிள் கேரியரில் தவலையைக் கட்டிக்கொண்டு அவள் புருஷன் கன்னியப்பன். அவர்களுக்குப் பின்னால் தலைக்கொரு பாத்திரமாக வந்த வரிசையின் வால் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது. கேழ்வரகுக் கூழ், களி, புளிச்சோறு, முருங்கைக்கீரை. கருவாட்டுக் குழம்பின் வாசம் மட்டும் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தது.

ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. சூளைப் பிள்ளைகள் ஒரு பந்தி விடாமல் சாப்பிட்டார்கள். கொதித்த தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் உதவியது.

அருள்நாதனின் கண்கள் கலங்கிவிட்டன. மனைவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நேராகச் செங்கமலத்திடம் போனார்.

"நல்லாருப்ப தாயி. எங்ககிட்ட அரிசி இல்லேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"அரிசி இல்லியா? இன்னா அண்ணாத்தே சொல்ற?" செங்கமலம் வாயைப் பிளந்தாள். "அசனம்னா இன்னான்னே தெரியாம முழிச்சிக்கினு இருந்தோம். நேத்து நீதானே வந்து, 'பெரிசா ஒண்ணுமில்ல, ஆடி மாசம் ஒங்க மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துவீங்களே, அது மாதிரிதான்'னு சொன்ன? கூழ் ஊத்துறதுன்னா வூட்டுக்கு ஒரு குடம் எடுத்தாந்து ஊத்தாம, வெறுங்கைய வீசிக்கினா வருவோம்?"