ஓலைக்கு முந்தின நாள்

"அழிச்சிட்டியாடி? ஒண்ணு விடாம அழிச்சிட்டியா?"

அடுப்படியில் நின்று ஜோதிமேரி குரலை அடக்கிக் கேட்டாள். மகள் ஆஸ்லின் போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகினாள்.

"அழிச்சிட்டேன். பாத்தவங்க கண்ணை அழிக்க முடியுமாம்மா?"

"வாயப் பாரு. ஆம்பளையும் ஆம்பளையும் காதலிக்கிற கதையாம்ல! கொரியாக்காரன் சண்டைப் படம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"தாய்லாந்தும்மா."

"எந்த நாடா இருந்தா என்ன? நாளைக்குப் பூசையில உங்களுக்கு முதல் ஓலை. 'இவங்க கலியாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்'னு பங்குச் சாமி வாசிப்பாரு. இன்னைக்குப் பாத்து மாப்பிள்ள தனியாப் பேசணும்னு வந்து நிக்குது. எனக்கு ஒண்ணும் சரியாப் படலடி."

ஆஸ்லினுக்கும் அதே பயம்தான். ஆசியத் தொடர்களைப் பார்ப்பவர்கள் கூடிப் பேசுகிற ஒரு குழுவில் அவள் 'கடல்காக்கா' என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தாள். ஊர் கிடையாது, முகம் கிடையாது. போன வாரம் மட்டும் ஒரு படம் போட்டாள்: எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்த போனில் அந்தத் தாய்லாந்துத் தொடரின் கடைசி எபிசோடு. டம்ளரில் அய்யா, அம்மா பெயர் வெட்டியிருப்பதை அவள் கவனிக்கவில்லை. அய்யாவின் புதுப் படகைச் சாமி வந்து மந்திரித்த அன்று சொந்தக்காரர்கள் கொடுத்த டம்ளர் அது.

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை சகாயவினோத்திடமிருந்து செய்தி வந்தது. 'நீங்க தாய்லாந்து சீரியல் பாப்பீங்களா?'

'இல்லையே' என்று அனுப்பினாள்.

'நாளைக்கு வாரேன். நேர்லதான் பேசணும்.'

தினமும் அந்த நேரத்துக்கு 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பவன், நேற்று அதைக் கேட்கவில்லை.

முன்னறையில் அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனி சூப்பர்வைசர்.

"வெளிய வெயில்ல நிக்கிற தம்பியையும் கூப்பிடுங்க," என்றாள் ஜோதிமேரி.

"நிமலன் வரமாட்டான் அத்தை. எங்கூட வேலை பாக்குறான், இலங்கை அகதி முகாம்ல இருக்கான். நான் பேசி முடிக்கிற வரைக்கும் அங்கனதான் நிப்பான்."

பதற்றத்தில் ஜோதிமேரி அந்த டம்ளரிலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆஸ்லின் தடுப்பதற்குள் அவன் அதை வாங்கிவிட்டான். பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, "பேசுங்க தம்பி" என்று அம்மா உள்ளே போனாள். போனபிறகு அடுப்படியில் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை.

அவன் தண்ணீர் குடிக்கவில்லை. டம்ளரைத் திருப்பி, 'சந்தியாகு – ஜோதிமேரி' என்று வெட்டியிருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவினான்.

"நிச்சயத்தன்னிக்கும் இதுலதான் காபி குடுத்தாங்க. கடல்காக்கா நீங்கதானே?"

"தப்புதான். இனிமே பாக்க மாட்டேன், எழுத மாட்டேன்."

"அந்தக் குழுவுல எல்லாத்தையும் படிச்சிட்டேன். அந்தக் கதையில வீட்டுக்குப் பயந்து ஒருத்தன் ஒரு பொண்ணுக்கு மோதிரம் போடுவான்ல? எல்லாரும் அந்தப் பொண்ணைத்தான் திட்டியிருந்தாங்க. நடுவுல வந்து கெடுத்தவளாம். 'இவளப் படகுல ஏத்திக் கடல்ல கவுத்துங்க'ன்னு ஒருத்தி. 'ஒரு முத்தத்துக்கு இத்தனை எபிசோடா'ன்னு இன்னொருத்தர்."

வேறு நாளாக இருந்தால் ஆஸ்லின் சிரித்திருப்பாள்.

"நீங்க ஒருத்தர்தான் அந்தப் பொண்ணு பக்கம் எழுதியிருந்தீங்க."

"ஏதோ எழுதித் தொலைச்சிட்டேன். அழிச்சிட்டேன்."

"எனக்கு மனப்பாடம்." தரையைப் பார்த்தபடி ஒப்பித்தான். "'அவங்க ரெண்டு பேருக்காகவும் எல்லாரும் அழுதோம். மோதிரம் போட்டுக்கிட்டவளுக்கு யார் அழுவா? ஊர் கூடுறதுக்கு முன்னாடி அவகிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா, அவளே கதவைத் திறந்து விட்டிருப்பா. அவ இடத்துல நானா இருந்தா அதைத்தான் செய்வேன்.'"

ஆஸ்லின் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"கலியாணத்த நிறுத்தவா வந்திருக்கீங்க? கேவலம் ஒரு சீரியலுக்கா? அய்யா பாம்பன் வரைக்கும் சொல்லிட்டு வந்திருக்காரு. எனக்கு..." உங்களைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மனசார எழுதினீங்களா, லைக்குக்காக எழுதினீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மனசாரத்தான். அதுல ஒரு வார்த்தை பொய் கெடையாது. போதுமா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். சிந்திய தண்ணீரைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தான். தன்னைவிட அவன்தான் அதிகம் பயந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்குச் சாமி வாசிக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லிரணும்னு வந்தேன், ஆஸ்லின். இந்தக் கலியாணத்துக்குத் தடை ஒண்ணு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே பைக்கின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, நிழலுக்குப் போகாமல், நிமலன் இந்த வாசலையே பார்த்து நின்றிருந்தான்.

அடுப்படியில் ஏதோ ஒன்று கைதவறி விழுந்தது. ஆஸ்லின் விரலிலிருந்த மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு எழுந்துபோய், அம்மா ஒருக்களித்து வைத்த கதவை முழுசாகத் திறந்தாள்.

"நிமலன் அண்ணே, உள்ள வாங்க."