எண்பது வயதுக் கை

பெயர் போடாத ஜப்பானிய அச்சுப்படங்களை யார் செய்தார்கள் என்று இயந்திரமே சொல்லிவிடும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதுதான் மதுரையில் வீட்டிலிருந்தபடியே முத்துவேல் பார்க்கும் வேலை.

அன்று திரையில் ஒரு மழைப் படத்தின் பின்பக்கம் இருந்தது. மை பூசிய மரக்கட்டைமேல் தாளை வைத்து, பின்பக்கமாகத் தேய்த்து எடுத்த படம். தேய்த்த தடம் அலையலையாகத் தெரிந்தது.

'நடுங்கும் கை. வயது எண்பது. பட்டறைக்காரர் கென்சோ' என்றது இயந்திரம்.

தோளில் கிடந்த மகளை ஆட்டிக்கொண்டே முத்துவேல் திரையில் விரலால் கையெழுத்திட்டான். இயந்திரம் ஏற்கவில்லை.

'இது முத்துவேல் அல்ல. நடுங்கும் கை. வயது எண்பது.'

ஹெல்மெட்டோடு வேலைக்குக் கிளம்பிய மனைவி தாட்சாயணி எட்டிப் பார்த்தாள்.

"எண்பது வயசுக்காரரையா எங்கப்பா எனக்குக் கட்டி வச்சாரு? ஆட்டுறத நிறுத்திட்டுப் போடுங்க."

"நிறுத்துனா முழிச்சுக்குவா."

சொன்னவன் தன் கோணல் கையெழுத்தையும் அந்தத் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டிலும் ஒரே ஆட்டம்.

"தாட்சா, கென்சோவுக்கு ஒரு மருமக உண்டு. ஓயூக்கி. அவளும் அச்சடிப்பா. இந்தப் படம் அடிச்சப்ப கைக்குழந்தைக்காரி."

"முதுகுல கட்டிக்கிட்டே தேய்ச்சிருப்பா. பிள்ளை தூங்கணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.

முத்துவேல் கிழவர் பெயரை அழித்துவிட்டு எழுதினான்: 'அச்சிட்டவர்கள்: ஓயூக்கி, முதுகில் ஒருவர்.'

சரிபார்த்தவரின் கையெழுத்தை இயந்திரம் மறுபடியும் கேட்டது. அவன் ஆட்டத்தை நிறுத்தாமலே எழுதினான்: 'முத்துவேல், தோளில் ஒருத்தி.'