சாயங்கால நெட்

சூலூர் நூல் கம்பெனியில் சாயங்காலம் ஆனாலே எந்த வெப்சைட்டும் திறக்காது. லாரிக்குப் பில் போட முடியாமல் எல்லோரும் காத்திருப்பார்கள். நெட்டைச் சரிபார்க்க லோகப்பிரியா வந்திருந்தாள்.

"எவனோ சினிமா பாக்கறான் அம்மணி. ஆளக் காட்டுங்க, இன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்" என்றார் முதலாளி அப்புசாமி.

அவள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்த்துவிட்டு, கடைசியில் அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், நெட்டை முழுசா இழுக்கறது உங்க கம்ப்யூட்டருங்க."

"நான் சினிமாவே பாக்கறதில்லையே!"

திரையை அவள் பக்கம் திருப்பினார். நான்கு சாலைகள். நான்கிலும் பனிக்குள் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"கனடா. ட்ராபிக் கேமரால லைவா காட்டறாங்க. பையன் அங்கதான். இப்ப அவன் வேலைக்குப் போற நேரம்."

"வீடியோ கால் பேசலாமுங்களே?"

"அவன் கண்ணாலத்துக்கு நான் போகலைங்க. அதுலிருந்து என்ற போனை எடுக்கறதில்ல."

லோகப்பிரியா திரையிலிருந்த சாலைகளை ஒருமுறை பார்த்தாள்.

"மூணை மூடிட்டு ஒண்ணு மட்டும் வெச்சுக்கங்க சார். எல்லாருக்கும் நெட் வந்துரும்."

அவர் மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி நான்கு சாலைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"எதை மூடறது அம்மணி? அவன் எந்த ரோட்டுல போவான்னு எனக்குத் தெரியாதே."