கோர்டோபா வெயில்

"நாப்பத்திரண்டு டிகிரி வெயிலுக்குள்ள அவளைக் கொண்டுபோய் வைச்சு என்னடா தம்பி செய்யிறாய்?"

வீடியோ அழைப்பில் தவமலர் அக்காவின் முகம் திரை முழுக்க நிறைந்திருந்தது. அக்கா குரலை உயர்த்தினால் அவர் குடியிருக்கும் மோர்னிங்சைட் பகுதியில் போனே தேவையில்லை என்று சொல்வார்கள். நவரட்ணம் கழுத்து வியர்வையைத் துவாயால் துடைத்தார். வீடுபோல அமைந்த மோட்டார் ஹோம் வண்டியின் ஏசி மத்தியானமே உயிரை விட்டிருந்தது.

"ஃபான் போட்டிருக்கிறன் அக்கா. நிழலிலதான் வண்டியை விட்டிருக்கு."

அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒடுக்கமான கட்டிலில் மனைவி யோகராணி படுத்திருந்தாள். புற்றுநோய்க்கான கடைசி மருந்தேற்றல் முடிந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. டாக்டர் ஒன்றை மட்டும்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடும்வரை ஆட்களை அண்ட விடாதீர்கள், சாதாரணத் தடிமன் சளிகூட இவருக்கு ஆபத்து.

கேட்பதற்கு இலகுவாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் சனத்திடம் 'வராதேங்கோ' என்று சொல்ல யாருக்கு நா எழும்? நோய் வருத்தம் பார்க்கப் போகாதவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்காத ஆட்கள். சித்திரையில் மருந்தேற்றிவிட்டு வந்தபோது வீடு கல்யாண வீடாகிவிட்டது. ஊர்க்காரரான அமிர்தநாதர் அங்கிள், "சின்ன இருமல்தான் பிள்ளை" என்றபடியே யோகராணியின் கையைப் பிடித்து ஜெபம் செய்தார். அந்தக் கிழமையே அவள் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்தது அருந்தப்பு.

இன்னொரு முறை அப்படி வந்தால் அவள் தாங்கமாட்டாள். அந்தப் பயத்தில்தான் நவரட்ணம், ஸ்பெயினுக்குப் போகிறோம், மோட்டார் ஹோம் எடுத்திருக்கிறோம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டினார். பக்கத்திலிருக்கும் நயாகராவுக்கு என்று சொல்லியிருந்தால் சனம் வான் பிடித்து வந்திருக்கும்.

அக்காவின் வரவேற்பறையில் ஆட்கள் கூடியிருப்பது கேட்டது. கோர்டோபா நகரில் என்ன பார்த்தீர்கள் என்று யாரோ விசாரித்தார்கள். நவரட்ணம் வழிகாட்டிபோல் ஒப்புவித்தார். முன்பு பள்ளிவாசலாக இருந்து இப்போது தேவாலயமாகிவிட்ட பெரிய கட்டடம், அதற்குள்ளே சிவப்பும் வெள்ளையுமாய் வளைவுகள், ஆற்றுக்குக் குறுக்கே ரோமர் காலத்துப் பாலம், வண்டி நுழைய முடியாத சந்துகள்.

"இப்ப அங்க இரவு எட்டு மணியெல்லோ? பகல் மாதிரிக் கிடக்கே" என்றார் அக்கா.

கோடையில் ஸ்பெயினில் பொழுதுபடப் பத்து மணியாகும் என்றார் நவரட்ணம்.

பின்னாலிருந்து ஒருவர் இருமிக்கொண்டே, யோகாவை ஒருக்கால் காட்டச் சொன்னார். அமிர்தநாதர் அங்கிளேதான். அக்கா போனைத் தன் மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிள்ளை தலைமுடி இல்லாமல் படுத்திருக்கிறாள், ஆம்பிளைகளுக்கு என்ன பார்வை என்று சத்தம் போட்டார். அதோடு கோபம் மறுபடி தம்பி பக்கம் திரும்பியது. மருந்து ஏறின உடம்பைப் பிளேனில் ஏற்றியதற்கு ஒன்று, வெயிலில் போட்டு வாட்டுவதற்கு ஒன்று என்று கிழித்துவிட்டார்.

நவரட்ணம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தெடுத்தவர் அக்கா. அவரையும் கிட்ட வரவிடாமல் செய்தது நெஞ்சை அரித்தது.

"மச்சாளிட்ட ரத்தம் பாத்ததைச் சொல்லுங்கோவன்" என்றாள் யோகராணி மெதுவாக.

அவர் தொண்டையைச் செருமினார். "அக்கா, காலமை ரிசல்ட் வந்தது. வெள்ளணு நல்லாக் கூடிட்டுதாம். இப்பிடியே இன்னும் கொஞ்ச நாள் கவனமா இருந்தால் பயமில்லையாம்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அறைப்பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னார். அங்கே ஆளுக்கு ஆள் கடவுளைக் கூப்பிட்டார்கள். நவரட்ணத்துக்கு ஒரு கிழமையாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. யோகராணி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எப்ப திரும்பி வருகினமாம்? எல்லாருமாப் போய்ப் பாப்பம்" என்று கேட்டது அமிர்தநாதர் அங்கிளின் குரல்.

அக்கா எழுந்து பல்கனிக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். இவ்வளவு நேரமும் முழங்கிய குரல் அடங்கியிருந்தது.

"தம்பி, அவளுக்குச் சுகமாகும்வரைக்கும் நீங்கள் ஸ்பெயினிலேயே நில்லுங்கோ. இஞ்ச வாற சனத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நானும் கிட்ட வரமாட்டன்."

"அக்கா..."

"ஆனா இனி வீடியோவில வரேக்க அந்த யன்னல் சீலையை இழுத்து மூடு. முதல் நாள் துவக்கம் உனக்குப் பின்னால எங்கட றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் கோபுரம் தெரியுது."