நாலு இன்டர்வியூ

நாலாவது ஆளும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதும் முதலாளிக்கு மண்டை சூடாகிவிட்டது.

முதலாளி என்றால் பெரிய ஆள் இல்லை. குளிர்பதனக் கிடங்குகளில் மெஷின் மக்கர் பண்ணுவதற்கு முன்பே எச்சரிக்கிற மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனி. ஒன்பது பேர், ஒரே ஹால். விற்பனைக்கு ஒரு மேனேஜர் இல்லாமல் ஆறு மாதமாக அவரே நாய் படாத பாடு படுகிறார்.

"பணம் போட்டதோட கைகழுவ மாட்டோம். ஆளும் நாங்களே பார்த்து அனுப்பறோம்" என்று முதலீட்டு நிறுவனம் வாக்குக் கொடுத்திருந்தது. அதற்கென்றே அங்கே ஒரு மேடம்.

அந்த மேடம் இந்த மாதம் அனுப்பிய ஆட்கள் இருக்கிறார்களே!

முதல் ஆள், முதலாளி போனில் பேசிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, பேப்பரை விரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். போன் முடிந்ததும், "அவசரமில்ல சார், எனக்கு விளையாட்டுச் செய்தி பாக்கி இருக்கு" என்றார்.

இரண்டாவது ஒரு பெண்மணி. "முதல்ல என் பேரைச் சொல்லுங்க சார்" என்றார். இவர் தட்டுத்தடுமாறி ஒரு பெயரைச் சொன்னார்.

"அது முந்தாநாள் வந்த ஆம்பளை பேரு சார்."

மூன்றாவது ஆளிடம், "ஞாயித்துக்கிழமையும் வரணும், முடியுமா?" என்று கேட்டதுதான் தாமதம். அங்கேயே மாமியாருக்கு போன் போட்டு, "அத்தை, நீங்களே பேசுங்க" என்று நீட்டிவிட்டார். அந்த அம்மா பத்து நிமிஷம் விட்ட டோஸில் முதலாளிக்குக் காது அடைத்துவிட்டது.

எதற்கு வம்பு என்று, நாலாவது ஆள் வந்தபோது போனை டிராயரில் போட்டுப் பூட்டினார். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். தண்ணீர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சையே எடுக்கவில்லை. கம்பெனியில் எங்கெங்கே ஓட்டை என்பதைக்கூட ஒளிக்காமல் சொன்னார்.

ஒரு மணி நேரம் பேசிவிட்டு அந்த ஆள் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனசு நிறைஞ்சுபோச்சு சார். ஆனா என்னால வர முடியாது."

முதலாளி விடுவாரா? நேராக முதலீட்டு நிறுவனத்துக்கே கிளம்பிவிட்டார்.

வாசலில் சீருடையில் நின்ற வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். பேப்பர் படித்த ஆள்!

லிஃப்டில் பட்டனை அழுத்தியவர், மாமியாருக்கு போன் போட்டவர். காபி கொண்டுவந்தது அந்தப் பெண்மணி. நாலாவது ஆள், கணக்குப் பிரிவில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டார்.

"மேடம்! என்னை வச்சு நாடகமா போட்டீங்க?"

"ஆமா சார்."

"அந்த மாமியாருமா?"

"அவங்க மட்டும் நிஜம் சார். இன்னும் கோபம் அடங்கலயாம்."

"ஆள் இல்லாம எனக்கு மூச்சு முட்டுது. உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

மேடம் சிரிக்கவில்லை. "மூணு மாசம் முன்னாடி ஒருத்தரை அனுப்பினேனே, ஞாபகம் இருக்கா? பதினெட்டு வருஷ அனுபவம்."

முதலாளி யோசித்தார். முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

"அம்பது நிமிஷம் காக்க வச்சீங்க. ரெண்டே நிமிஷத்துல வெளியே அனுப்பிட்டீங்க. உங்க மாடிப்படியிலயே உக்காந்துகிட்டு எனக்கு போன் பண்ணினார். 'நான் எதுக்குமே லாயக்கில்லையா மேடம்?'னு கேட்டார் சார்."

முதலாளி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவர் நம்பர் இருக்கா? நான் பேசணும்."

மேடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"பேசுங்க சார். நாளைக்குப் பத்து மணிக்கு நிஜமாவே ஒருத்தர் வருவார். நாலாவது ஆள் வந்து சொன்னதைக் கேட்டப்புறம், ஒரு மனுஷனை நம்பி உங்ககிட்ட அனுப்ப எனக்கு இப்பத்தான் தைரியம் வந்திருக்கு."